எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பிய ரூபாய் எங்கே போனது? தேடும் முறை

வங்கிக் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் (பிட்காயின் போன்றவற்றை வாங்கி விற்கும் தளம்) மட்டும் ஏறவில்லை. அங்கே நீங்கள் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) முடித்தவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. எந்த வழியில் அனுப்பினீர்கள்? வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் வழிகளில், ஐஎம்பிஎஸ் என்றால் பெரும்பாலும் உடனே போய்விடும். நெஃப்ட் அரை மணிக்கு ஒரு தொகுதியாகப் போகும். 2019 டிசம்பரிலிருந்து ஞாயிறும் நடக்கிறது, ஆகவே விடுமுறை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். என் ஓட்டு ஐஎம்பிஎஸ்ஸுக்குத்தான். சிக்கல் என்றால் சீக்கிரம் தெரிந்துவிடும்.

2. யுடிஆர் எண்ணை (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் உள்ள தனி அடையாள எண்) எடுங்கள். வங்கி ஆப் திரையில் தெரிகிற பரிவர்த்தனை எண் சில வங்கிகளில் வேறு. ஸ்டேட்மென்ட் பிடிஎஃப்பில் பாருங்கள்: ஐஎம்பிஎஸ்ஸுக்கு 12 இலக்கம், நெஃப்ட்டுக்கு எழுத்தும் எண்ணும் கலந்து 16.

3. பெயர். நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். பான் அட்டையில் ‘கார்த்திக் செல்வராஜ்’, பாஸ்புக்கில் ‘எஸ். கார்த்திக்’. நமக்கு ஒரே ஆள். பெயரை ஒப்பிடும் மென்பொருளுக்கு அப்படி இல்லை. வேறொருவர் பணம் என்று நிறுத்திவைத்துவிடும். 2023 மார்ச்சில் எக்ஸ்சேஞ்சுகள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் (பிஎம்எல்ஏ) கீழ் வந்தபிறகு இதில் கறார் அதிகம். பான், பாஸ்புக் முதல் பக்கம், யுடிஆர் மூன்றையும் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரே டிக்கெட்டில் (புகார்ப் பதிவு) அனுப்புங்கள். ஒவ்வொன்றாக அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டும். அப்புறம் நிதானமாக வங்கியில் பெயரைப் பான்படி மாற்றிக்கொள்ளுங்கள். மனைவி, அண்ணன் கணக்கிலிருந்து அனுப்பியிருந்தால் வாதாடாமல் திருப்பிக் கேளுங்கள்.

4. ஐஎம்பிஎஸ்ஸில் பணம் கழிந்தும் பெறுபவர் கணக்கில் ஏறாவிட்டால், மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. ஆனால் எக்ஸ்சேஞ்சின் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டதென்றால் இந்த விதி உதவாது, எக்ஸ்சேஞ்சைத்தான் பிடிக்க வேண்டும். அதையும் அவர்கள் ஆப்புக்குள்ளேயே செய்யுங்கள். டெலிகிராமில் ‘உதவி மையம்’ என்று வந்து ஓடிபி கேட்பவன் திருடன்.

பின்சேர்க்கை: ‘கிரிப்டோவை ரிசர்வ் வங்கி தடை செய்திருக்கிறது’ என்று வங்கிக் கிளையில் கைவிரிக்கிறார்களாம். அது 2018 சுற்றறிக்கை. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதைக் காரணம் காட்டக் கூடாது என்று 2021 மே 31 அன்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அந்த அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு போங்கள். அப்போதும் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.