செம்படை ஷினெலில் தரக்குறி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போரின் செம்படை வீரராக வரலாற்று மறுநடிப்பில் இறங்குபவர்கள் பூட்ஸ், தொப்பி, துப்பாக்கி என்று பார்த்துப் பார்த்துச் சேர்ப்பார்கள். கடைசியில் ஷினெலில் கோட்டை விடுவார்கள். முழங்காலுக்குக் கீழே தொங்கும் அந்தக் கம்பளி மேல்கோட்டின் வெட்டு பத்தாண்டுகளில் பெரிதாக மாறவில்லை. அதன்மேல் தைத்த தரக்குறிகள்தான் மாறின. 1935இல் வந்த முறை 1940, 1941, 1943 என மூன்று தடவை திருத்தப்பட்டது. ஆகவே எந்த வருடம், எந்த மாதம் என்று முடிவு செய்யாமல் ஊசியை எடுக்கவே கூடாது.

அடிக்கடி கண்ணில் படும் தவறு, காலரில் சிவப்பு முக்கோணங்களும் தோளில் தோள்பட்டியும் சேர்ந்தே இருப்பது. 1943க்கு முன் செம்படையில் தோள்பட்டியே கிடையாது. தரம் முழுவதும் காலரில்தான். 1943 ஜனவரி 6 அன்று தோள்பட்டிக்கான ஆணை வந்தது. அதன்பின் தரம் தோளுக்குப் போனது. ஷினெலின் காலர்பட்டி எந்தப் படைப்பிரிவு என்பதை மட்டும் காட்டியது. பிப்ரவரி 1 முதல் 15க்குள் மாறச் சொன்னார்கள். பிறகு கெடு மார்ச் 15 வரை நீண்டது. ஸ்டாலின்கிராடில் சண்டை ஓய்ந்ததோ பிப்ரவரி 2. அந்தக் களத்தைக் காட்டும் நிகழ்ச்சிக்குத் தோள்பட்டியோடு போனால் விவரம் தெரிந்தவர்கள் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்தது காலர்பட்டியின் வடிவம். 1943 வரை சட்டைக்கு ஒரு வடிவம், ஷினெலுக்கு வேறு வடிவம். கிம்னாஸ்த்யோர்க்கா எனும் சட்டையில் ஒடுங்கிய இணைகரம். ஷினெலில் காலர் மூலையை நிரப்பும் பெரிய சாய்சதுரம். விற்பவர்கள் பல நேரம் சட்டைப் பட்டியையே "ஷினெலுக்கும் ஆகும்" என்று கொடுத்துவிடுகிறார்கள். ஆகாது. 1943க்குப் பின் ஷினெலிலும் இணைகரம் வந்துவிட்டதுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். ஆனால் அந்தப் புதிய பட்டியில் தரக்குறி எதுவும் இல்லை. மேல்முனையில் நட்சத்திரம் பொறித்த ஒரு சிறிய பொத்தான், அவ்வளவுதான். களத்துக்கு உரியது காக்கிப் பட்டி. அதன் ஓர நிறம்தான் பிரிவைச் சொல்லும்: காலாட்படைக்கு ராஸ்பெரிச் சிவப்பு, பீரங்கிக்கும் டாங்கிக்கும் சிவப்பு, குதிரைப்படைக்கு நீலம், விமானப்படைக்கு வெளிர்நீலம், பொறியாளர்களுக்குக் கறுப்பு.

பழைய சாய்சதுரத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஓரப்பட்டை நான்கு பக்கமும் ஓடாது, மேல் இரண்டு பக்கங்களில் மட்டுமே. கீழ் இரண்டும் காலர் விளிம்போடு ஒட்டி நிற்கும். நான்கு பக்கமும் பளபளவென்று ஓரம் கட்டிய பட்டி கடையில் கிடைத்தால் வாங்க வேண்டாம். தங்க ஓரம் படை நடத்தும் தளபதிகளுக்கு மட்டும் உரியது. அரசியல் அதிகாரிகளுக்கும் மருத்துவர்களுக்கும் நிற ஓரம்தான். சீனியர் லெப்டினண்டுக்கும் 'பொலித்ருக்' எனும் அரசியல் அதிகாரிக்கும் காலரில் மூன்று சதுரங்களே. தங்க ஓரம் இருந்தால் முன்னவர், இல்லாவிட்டால் பின்னவர். பொலித்ருக் வேடத்துக்குத் தங்க ஓரம் தைத்தால் ஆளே மாறிப்போவார்.

காலர்பட்டியில் தரத்தைக் காட்டும் எனாமல் குறிகளின் அளவு சிறியது. முக்கோணத்தின் பக்கம் 1 செ.மீ., சதுரமும் 1 செ.மீ., 'ஷ்பாலா' எனும் நீள்சதுரம் 16க்கு 7 மி.மீ. ரஷ்ய மொழியில் ஷ்பாலா என்றால் ரயில் தண்டவாளத்தின் அடிக்கட்டை. பார்த்தால் அப்படித்தான் இருக்கும். 1940 நவம்பர் முதல் ஜூனியர் சார்ஜெண்டுக்கு ஒரு முக்கோணம், சார்ஜெண்டுக்கு 2, சீனியர் சார்ஜெண்டுக்கு 3, அவர்களுக்கும் மேலான 'ஸ்தர்ஷினா'வுக்கு 4. கர்னலில்தான் பலர் வழுக்குகிறார்கள். 1935 முறையில் அவருக்கு 3 ஷ்பாலா. லெப்டினண்ட் கர்னல் என்ற தரம் 1939இல் நடுவே நுழைந்ததால், போர்க்காலக் கர்னலுக்கு 4.

தைக்கும் வரிசையும் முக்கியம். முதலில் குறிகளைப் பட்டியில் பொருத்துங்கள். காலரில் தைத்த பிறகு அல்ல. குறியின் பின்னால் உள்ள கால்களைப் பட்டிக்குள் செலுத்தி, பின்புறம் மடக்கி, மேலே ஒரு துண்டுத் துணி வைத்து மூடி, அதன் பிறகு பட்டியைக் காலரில் தையுங்கள். நேரடியாகக் காலரையும் சேர்த்துக் குத்தினால் கம்பளி கிழியும், மடங்கிய கால் கழுத்தைக் கீறும். காலரை மடித்துப் போட்ட நிலையில் இரண்டு பட்டிகளையும் குண்டூசியால் நிறுத்தி, கண்ணாடியில் சரிபார்த்த பிறகே நூல். மேசைமேல் விரித்து வைத்துத் தைத்தால் போட்டுக்கொள்ளும்போது ஒன்று ஏறும், ஒன்று இறங்கும்.

1941 ஆகஸ்ட் உத்தரவு களத்தில் இருப்பவர்களுக்கு நிறப் பட்டியையும் கைக்குறிகளையும் நீக்கியது. காக்கிப் பட்டி, காக்கி வண்ணம் பூசிய குறிகள். எனவே 1942 ஷினெலின் கையில் தங்கக் கோணப்பட்டையோ பொலித்ருக்கின் சிவப்பு நட்சத்திரமோ விதிப்படி இல்லை. ஆனால் புதியவை எல்லாருக்கும் உடனே கிடைத்துவிடவில்லை. நிறப் பட்டியோடு 1942இலும் பலர் இருந்தார்கள். அதைத் தவறு என்று சண்டை பிடிப்பவர்கள் விதியைப் படித்தவர்கள், புகைப்படத்தைப் பார்க்காதவர்கள்.

தோள்பட்டிக்கு வருவோம். அகலம் 6 செ.மீ., நீளம் 14 முதல் 16 செ.மீ. உள்ளே சட்டையும் போட்டுக்கொண்டு ஷினெலை மாட்டி, காலரிலிருந்து கையின் தையல் வரை அளந்து நீளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மருத்துவ, கால்நடை, சட்ட அதிகாரிகளுக்கு அகலம் 4 செ.மீ.தான், மருத்துவர் வேடத்தில் அகலப் பட்டி போடுவது பரவலான தவறு. களப்பட்டியில் தளபதிகளின் நீளக்கோடு கருஞ்சிவப்பு, மருத்துவருக்குப் பழுப்பு. ஒரு கோடு இருந்தால் கேப்டன் வரை, நட்சத்திரம் 13 மி.மீ.; இரண்டு கோடு இருந்தால் மேஜரிலிருந்து, நட்சத்திரம் 20 மி.மீ. மேஜருக்குச் சின்ன நட்சத்திரம் குத்தினால் கோடு ஒன்று சொல்லும், நட்சத்திரம் வேறொன்று சொல்லும். பதுங்கு குழிக்குத் தங்கச் சரிகைப் பட்டியோடு போக வேண்டாம்; அது அன்றாட உடைக்கு. வீரர்களின் குறுக்குப் பட்டைகளில் குறுகியது 1 செ.மீ., அகலமானது 3 செ.மீ. ஸ்தர்ஷினாவுக்குப் பட்டைகளால் அமையும் சுத்தியல் வடிவத்தில் தலைப்பகுதி பொத்தான் பக்கம் இருக்க வேண்டும். அதைத் தலைகீழாகத் தைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று போருக்குப் பிந்தைய சோவியத் ஷினெலை வாங்கினால், அதன் தோளில் 'சோவியத் ராணுவம்' என்பதன் இரண்டு முதலெழுத்துகள் இருக்கும். அதைப் பிரித்துவிடலாம். முன்பக்கம் பொத்தான் வரிசையும் இருக்கும். போர்க்காலச் சிப்பாயின் ஷினெலை முன்னால் மூடியவை கொக்கிகள். வெளியே பொத்தான் தெரியாது. பொத்தான்களைக் கழற்றாமல் தரக்குறியை மட்டும் திருத்திப் பயனில்லை.

1943 கோடையைக் காட்டப் பழைய ஷினெலை மாற்றுகிறீர்கள் என்றால், சாய்சதுரத்தைப் பிரித்த இடத்தில் வெளுக்காத கம்பளி அடர்நிறமாகத் தெரியும். புதிய இணைகரம் அதை முழுதாக மறைக்காது. அந்தத் தழும்பையும் ஊசித் துளைகளையும் தேய்த்து அழிக்காமல் அப்படியே விடுங்கள்.