டர்ஹாமில் இறங்குங்கள்: சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கும் குடியிருக்கப் போகிறவர்களுக்கும்

சென்னையிலிருந்து இங்கிலாந்து போகிற நம்ம ஆட்கள் பெரும்பாலும் லண்டனைச் சுற்றிப் பார்ப்பார்கள், அப்புறம் கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறி நேராக எடின்பரோ போவார்கள். கிட்டத்தட்ட 3 மணி நேரம் ஆனதும் ரயில் ஒரு உயரமான பாலத்தின் மேல் போகும். வலது பக்க ஜன்னலில், பாறை உச்சியில் ஒரு பெரிய தேவாலயமும் பக்கத்திலேயே ஒரு கோட்டையும் தெரியும். எல்லோரும் போனை எடுத்து ஒரு படம் பிடிப்பார்கள், அவ்வளவுதான். அந்த ஊர்தான் டர்ஹாம். தயவுசெய்து அங்கே இறங்குங்கள், முடிந்தால் இரண்டு இரவு தங்குங்கள்.

நான் அங்கே குடியிருந்துவிட்டு சென்னைக்குத் திரும்பியவன். பிள்ளைக்கு டர்ஹாம் யுனிவர்சிட்டியில் சீட் கிடைத்தவர்கள், ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர்கள், சும்மா பார்க்கப் போகிறவர்கள் என்று எல்லோரும் கேட்பதால் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில் ஊரின் அமைப்பு மனசில் பதியவேண்டும், மற்ற எல்லா முடிவும் இதிலிருந்துதான் வரும். வியர் என்ற ஆறு ஒரு பாறைக் குன்றை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. குன்றின் மேல் தேவாலயம், கோட்டை, பெய்லி என்ற பழைய தெரு. ஃப்ரேம்வெல்கேட், எல்வெட், ப்ரெபெண்ட்ஸ் என்று மூன்று பழைய பாலங்கள் வழியாக அதற்குள் போகலாம். ஆற்றுக்கு இந்தப் பக்கமும் மேடு, அந்தப் பக்கமும் மேடு. மேப்பில் முக்கால் கிலோமீட்டர் என்று காட்டும் இடத்துக்குப் போக ஒரு மேட்டில் இறங்கி, பாலம் தாண்டி, இன்னொரு மேட்டில் ஏறவேண்டியிருக்கும். நம்ம ஊர் சமதரையிலேயே நடந்து பழகிய கால் முதல் வாரம் வலிக்கத்தான் செய்யும். அதனால் ஹோட்டலோ வீடோ எதைப் பார்த்தாலும் தூரத்தைக் கேட்காதீர்கள், ஏற்றத்தைக் கேளுங்கள். மூட்டுவலி இருக்கிற அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

போய்ச் சேருவது சுலபம். லண்டனில் இறங்கி ரயிலில் போகலாம். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் விலை பாதிக்கும் கீழே வரும், அன்றைக்கே எடுத்தால் கண்ணைக் கட்டும். சென்னையிலிருந்து எமிரேட்ஸில் துபாய் போய் அங்கிருந்து நேராக நியூகாசிலுக்கும் பறக்கலாம், பெட்டி நிறைய இருந்தால் இதுதான் நல்ல வழி. நியூகாசில் ஏர்போர்ட்டிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் ஸ்டேஷன், அங்கிருந்து ரயிலில் கால் மணி நேரத்தில் டர்ஹாம். ஸ்டேஷன் ஊருக்கு மேலே ஒரு மேட்டில் இருக்கிறது. 23 கிலோ பெட்டிகளை இழுத்துக்கொண்டு அந்தச் சரிவிலும் கல் பாவிய தெருவிலும் போகவேண்டாம், சக்கரம் கழன்றுவிடும். ஸ்டேஷன் வாசலிலேயே டாக்சி பிடியுங்கள்.

சரி, பார்ப்பதற்கு வருவோம். தேவாலயத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, வாசலில் காணிக்கை கேட்பார்கள், மனசாரப் போடுங்கள். 1093-இல் ஆரம்பித்து 1133-க்குள் முக்கியக் கட்டடத்தை முடித்துவிட்டார்கள். உள்ளே போனதும் பீடத்தை நோக்கி வேகமாக நடக்காமல் அந்தத் தூண்கள் பக்கத்தில் நில்லுங்கள். பெரிய தூண் ஒவ்வொன்றும் சுற்றளவு 6.6 மீட்டர், உயரமும் 6.6 மீட்டர். கல்லிலேயே ஒன்றில் சாய்சதுரம், ஒன்றில் வளைந்து வளைந்து போகும் கோடு, ஒன்றில் பள்ளம் பள்ளமாகச் செங்குத்து வரி. கையால் தடவிப் பார்த்தால் உளி போன தடம் தெரியும். அப்புறம் அண்ணாந்து பாருங்கள். கூரையின் எடையைக் கல் விலா எலும்புகள் தாங்கித் தூணுக்கு இறக்குகின்றன, வளைவுகள் உச்சியில் கூராகச் சேருகின்றன. ஐரோப்பாவில் இந்த முறையில் இவ்வளவு பெரிய கூரை போட்ட முதல் இடங்களில் இது ஒன்று. தேவாலயமும் கோட்டையும் 1986-இலேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டன.

மேற்குப் பக்கத் தரையில் ஒரு கறுப்புப் பளிங்குக் கோடு ஓடும், பலரும் அதை மிதித்துக்கொண்டே போவார்கள். துறவிகள் இருந்த காலத்தில் பெண்கள் அந்தக் கோடு தாண்டிப் போகக் கூடாது. பெண் பிள்ளைகளோடு போகிறவர்கள் அதைக் காட்டி, ஏன் என்று பேசிக்கொண்டே தாண்டிப் போங்கள். பீடத்துக்குப் பின்னால் 687-இல் இறந்த புனித கத்பெர்ட்டின் சமாதி, மேற்குக் கோடியில் 735-இல் இறந்த பீட் என்ற துறவியின் சமாதி. இங்கிலாந்தின் பழைய வரலாற்றை எழுதிவைத்தவர் இவர்தான். கதவில் சிங்க முகம் மாதிரி ஒரு வெண்கல வளையம் தொங்கும் (இப்போது இருப்பது நகல், அசல் உள்ளே மியூசியத்தில் இருக்கிறது). குற்றம் செய்துவிட்டு ஓடிவந்தவன் வந்து அதைத் தட்டினால் 37 நாள் அடைக்கலம் கிடைக்கும், அதற்குள் சமாதானம் ஆகவேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டே போகவேண்டும். முழங்கால் ஒத்துழைத்தால் கோபுரம் ஏறுங்கள், 325 படி, தனி டிக்கெட். பெரும்பாலான நாட்களில் மாலையில் பாட்டோடு வழிபாடு நடக்கும், எந்த மதத்தவரும் போய் உட்காரலாம். தூண்களையெல்லாம் பார்த்த பிறகு அந்தக் கட்டடத்துக்குள் குரல் எப்படி எழும்புகிறது என்பதையும் கேட்டுவிட்டு வாருங்கள், அதை விட்டுவிட்டு வந்தால் பாதிதான் பார்த்தமாதிரி.

கோட்டைக்குள் நம் இஷ்டத்துக்கு நுழைய முடியாது, கைடு கூட்டிப்போகும் நேரத்துக்குத்தான் போகமுடியும், ஏனென்றால் அங்கே மாணவர்கள் குடியிருக்கிறார்கள். 1072-இல் கட்ட ஆரம்பித்த கோட்டை, பல நூற்றாண்டுகள் பிஷப்புகளின் அரண்மனையாக இருந்தது. இந்த ஊர் பிஷப்புக்குச் சொந்த நாணயமும் சொந்த நீதிமன்றமும் இருந்த காலம் உண்டு, 1836-இல்தான் அந்த அதிகாரங்கள் அரசரிடம் போயின. 1832-இல் யுனிவர்சிட்டி தொடங்கியது, கொஞ்ச நாளில் கோட்டையே அதன் கல்லூரி ஆகிவிட்டது. பிறகு ப்ரெபெண்ட்ஸ் பாலத்தில் இறங்கி ஆற்றங்கரையோடு ஒரு சுற்று நடங்கள். தேவாலயத்தைப் பார்க்க ஊரிலேயே நல்ல இடம் அதுதான். பகலில் மட்டும் போங்கள். இருட்டிய பிறகும் பனி உறைந்த நாட்களிலும் அந்தப் பாதை வழுக்கும், பக்கத்திலேயே ஆழமான ஆறு, அதனால் மேலே தெரு வழியாகவே வீடு திரும்புங்கள். படிக்கப் போகும் பிள்ளைகளிடம் இதை அழுத்திச் சொல்லி அனுப்புங்கள்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு தனித் தகவல். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-இல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பேற்றார். இங்கே பிள்ளைகள் மணலில் எழுத்து எழுதிப் படிப்பதைப் பார்த்து, பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைத் தன் விடுதியில் கொண்டுவந்தார். இங்கிலாந்து திரும்பி அதை 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே பரப்பினார். அவர் 1809-இல் பொறுப்புக்கு வந்த ஷெர்பர்ன் ஹாஸ்பிடல் என்ற பழைய தர்ம இல்லம் டர்ஹாமுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நம்ம திண்ணைப் பள்ளிக்கூட மணல் அவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

இனி குடியிருக்கப் போகிறவர்களுக்கு. 6 மாதத்துக்கு மேல் தங்கும் விசா என்றால் அங்கீகரித்த கிளினிக்கில் டிபி பரிசோதனை கட்டாயம். சென்னையிலேயே செய்யலாம், சான்றிதழ் 6 மாதம் செல்லும். மருத்துவச் சேவைக் கட்டணத்தையும் விசாவோடு சேர்த்துக் கட்டவேண்டும், மாணவர்களுக்கு 2024 பிப்ரவரியில் அதை வருஷத்துக்கு 776 பவுண்ட் ஆக்கினார்கள். காசு கட்டியாயிற்று, ஆகவே போய்ச் சேர்ந்த வாரமே பக்கத்து டாக்டரிடம் பெயரைப் பதிவு செய்துவிடுங்கள். காய்ச்சல் வந்த அன்று தெருமுனை கிளினிக்கில் டோக்கன் வாங்கிப் பார்க்கிற வசதி அங்கே கிடையாது. பாரசிட்டமால் சூப்பர்மார்க்கெட்டிலேயே மலிவாகக் கிடைக்கும், ஆன்டிபயாடிக் சீட்டு இல்லாமல் கிடைக்கவே கிடைக்காது.

வீடு. டர்ஹாமில் மாணவர் வீடுகளுக்கு அடுத்த வருஷத்துக்கான தேடல் அக்டோபர், நவம்பரிலேயே தொடங்கிவிடும், வந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளைகள் பதறிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். பதற வேண்டாம், ஆனால் தூங்கவும் வேண்டாம். ஸ்டேஷனுக்குக் கீழே வயடக்ட் பகுதி மாணவர்கள் நிறைந்தது, எல்லாவற்றுக்கும் பக்கம், ராத்திரியில் சத்தம் இருக்கும். ஜைல்ஸ்கேட் பகுதியில் வாடகை கொஞ்சம் இறங்கும், ஏற்றம் உண்டு. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஃப்ரேம்வெல்கேட் மூர், நியூட்டன் ஹால் பக்கம் என் ஓட்டு. ஆஸ்பத்திரியும் பெரிய கடைகளும் கிட்டே, பஸ் வசதியும் உண்டு. வீட்டைப் பார்க்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், பீரோவைக் கொஞ்சம் நகர்த்திச் சுவரைப் பாருங்கள், ஜன்னல் மூலையைப் பாருங்கள். கறுப்புப் புள்ளி இருந்தால் ஈரம், குளிர்காலம் முழுக்க இருமல்தான். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு ஒரு நல்ல செய்தி: இங்கிலாந்தில் சாதாரண வாடகை வீட்டுக்கு 5 வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது, வாங்கிய 30 நாளுக்குள் அதை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போடவேண்டும். அந்த ரசீதைக் கேட்டு வாங்குங்கள். சாவி வாங்கிய அன்றே எல்லா மூலையையும் வீடியோ எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் கவுன்சில் வரி (நம்ம ஊர் வீட்டு வரி மாதிரி) கிடையாது, யுனிவர்சிட்டி தரும் கடிதத்தைக் கொடுக்கவேண்டும்.

சமையல்தான் பெரிய விஷயம். தாளிக்கும்போது புகை கிளம்பினால் ஸ்மோக் அலாரம் அலறும். விடுதி என்றால் கட்டடத்தில் இருக்கிற அத்தனை பேரும் குளிரில் வெளியே வந்து நிற்பார்கள், அத்தனை முகமும் உங்களைத்தான் பார்க்கும். ஆகவே சமையலறைக் கதவைச் சாத்துங்கள், எக்ஸாஸ்ட்டைப் போடுங்கள், ஜன்னலைத் திறங்கள். எண்ணெய் புகைய விடாமல் மிதமான சூட்டில் கடுகைப் போட்டு மூடுங்கள், வெடிப்பு அடங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டு அந்தச் சூட்டிலேயே மிளகாயும் பெருங்காயமும் போடுங்கள். நெடி வராது, வாசனை வரும். 1720 வாக்கில் கடுகை மாவு போல நைசாக அரைத்து இங்கிலாந்து முழுக்க விற்றவர் இதே டர்ஹாமில் இருந்த திருமதி கிளெமென்ட்ஸ் என்று சொல்வார்கள், கடுகு அந்த ஊருக்குப் புதிதில்லை. அடுப்பு இண்டக்‌ஷனா என்று கேட்டுவிட்டுக் குக்கர் வாங்குங்கள், அலுமினியம் வேலை செய்யாது. இட்லி மாவு வெளியே வைத்தால் இரண்டு நாளானாலும் பொங்காது. ஓவனை ஒரு நிமிஷம் சூடாக்கி அணைத்து, உள் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை உள்ளே வையுங்கள், காலையில் பொங்கியிருக்கும்.

இட்லி அரிசி, உளுந்து, புளி எல்லாம் நியூகாசில் வெஸ்ட் ரோடு பக்கத்துக் கடைகளில் கிடைக்கும், கோயிலும் அதே ரோட்டில் இருப்பதால் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம். 21-ஆம் நம்பர் பஸ்ஸில் போனால் வழியில் கேட்ஸ்ஹெட் பக்கம் 20 மீட்டர் உயர இரும்புத் தேவதைச் சிலையையும் பார்க்கலாம். சென்னையிலிருந்து பொடி வகைகளும் காய்கறி ஊறுகாயும் கொண்டுபோங்கள். நெய், பால்கோவா, சிக்கன் ஊறுகாய் வேண்டாம், பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை.

குளிருக்கு இங்கேயே ஸ்வெட்டர் வாங்கிக் குவிக்காதீர்கள், அங்கே போய் வாங்குவது நல்லது. குடை காற்றில் திரும்பிக்கொள்ளும், தலைமூடி வைத்த மழைக்கோட்டும் பிடிமானம் உள்ள ஷூவும் போதும். குளிரைவிட இருட்டுதான் நம்ம ஆட்களை வாட்டும். டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டாயம் ஒரு நடை போங்கள், குளிர்காலத்தில் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுக்கும்படி அரசு மருத்துவத் துறையே சொல்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்லுங்கள், ஊரே சொல்லும்.

ஜூலை இரண்டாம் சனிக்கிழமை ஊரில் இருந்தால் வீட்டில் உட்காராதீர்கள். 1871-இலிருந்து நடக்கும் சுரங்கத் தொழிலாளர் திருவிழா அன்றைக்குத்தான். சுரங்கங்கள் மூடி எத்தனையோ வருஷம் ஆகியும் ஒவ்வொரு கிராமமும் தன் பட்டுக் கொடியைத் தூக்கிக்கொண்டு பேண்டு வாத்தியத்தோடு தெருவில் வரும், சில கொடிகளைத் தேவாலயத்துக்குள் கொண்டுபோய் ஆசீர்வாதம் வாங்குவார்கள். அந்த ஊர் யாருடையது என்று தெரிய அந்த ஒரு நாளே போதும்.

கடைசியாகப் பெற்றோர்களுக்கு. பட்டமளிப்பு அந்தத் தேவாலயத்துக்குள்ளேயே நடக்கும், கோடையிலும் குளிர்காலத்திலும் நடத்துவார்கள். போய்ப் பார்க்க வேண்டிய விழா, வசதி இருந்தால் இதற்காகவே கிளம்புங்கள். தேதி தெரிந்த அன்றே ரூம் போடுங்கள், விசாவுக்கும் அப்போதே விண்ணப்பத்தைத் தயார் செய்யுங்கள். டர்ஹாமில் ரூம் கிடைக்கவில்லை என்றால் கவலை வேண்டாம், நியூகாசிலிலோ டார்லிங்டனிலோ தங்கி ரயிலில் வரலாம், இரண்டுமே ஏறக்குறைய கால் மணி நேரம்தான். பட்டுப்புடவைக்கு மேல் கனமான கோட்டு, காலுக்குத் தட்டையான செருப்போ ஷூவோ போதும், தேவாலயம் வரைக்கும் கல் பாவிய ஏற்றம்தான்.