ஈ.எஸ்.சி.யை மாற்றும் முன் பிளக்கைப் பாருங்கள்

என் மேசைக்கு வரும் மின்சார ஆர்.சி. (ரிமோட்டில் ஓடும்) டிரக்குகளில் பாதிக்கு மேல் ஒரே புகாரோடுதான் வருகின்றன: “ஈ.எஸ்.சி. போய்விட்டது.” மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணு பாகம்தான் ஈ.எஸ்.சி. கொண்டுவருபவர் கையில் புதியது ஒன்றும் இருக்கும். அதை உடனே மாட்டித் தர நான் ஒப்புக்கொள்வதில்லை. பழையதைக் கெடுத்த காரணம் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கும்போது புதியதை அதனிடம் ஒப்படைப்பதில் என்ன பயன்? இந்த டிரக்குகளில் மின்னணு பாகங்கள் தாமாகக் கெடுவது குறைவு. வெப்பம், மின்னழுத்த இறக்கம், ஈரம் ஆகிய மூன்றும்தான் அவற்றைக் கெடுக்கின்றன. மூன்றுமே அந்தப் பாகத்துக்கு வெளியிலிருந்து வருபவை. டிராக்சாஸ் ஸ்லாஷ் போன்ற 1/10 அளவு டிரக்கை மனதில் வைத்து, நான் பார்க்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் பேட்டரி பிளக். டாமியாவின் பிளாக்ஃபுட் டிரக் 1986-ல் வந்தபோது 7.2 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு வெள்ளை நைலான் பிளக் போதுமாக இருந்தது. அதே பிளக் இன்றும் பல டிரக்குகளில் வருகிறது. சாதாரண பிரஷ் மோட்டாருக்குத் தாங்கும். பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரும் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும் போட்டவர்கள் அதைக் கழற்றிவிட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் தொடுமுனை தளர்ந்து 10 மில்லி ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வண்டி பாயும் நொடியில் 50 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் அந்த இடத்திலேயே தொலைந்துபோகும். 25 வாட் வெப்பம் அந்தச் சின்ன பிளக்குக்குள் உண்டாகும். கடையில் விற்கும் சிறிய சால்டரிங் அயர்னின் திறனும் அதே 25 வாட்தான். பிளக்கின் வெள்ளை நிறம் பழுப்பேறியிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

அதற்குப் பதில், கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்கும் எக்ஸ்.டி.60 பிளக் போடுங்கள். ஆனால் அதைப் பற்றவைக்க அந்த 25 வாட் அயர்ன் உதவாது. 60 வாட்டுக்குக் குறையாத அயர்னும் உளிபோல் தட்டையான முனையும் வேண்டும். வலுக்குறைந்த அயர்னை நெடுநேரம் வைத்து அழுத்தினால் ஈயம் உருகும் முன்பே பிளாஸ்டிக் இளகி முள் சாய்ந்துவிடும். அதைத் தடுக்க, பிளக்கின் மறுபாதியைச் செருகி வைத்துக்கொண்டு பற்றவையுங்கள். இரண்டு முள்ளும் நேராக நிற்கும். ஒயரில் சுருங்கு குழாயை (சூடுபட்டால் சுருங்கி இணைப்பை மூடும் உறை) முதலிலேயே கோத்துவிட்டு, ஒயர் நுனிக்கும் பிளக்கின் குழிக்கும் தனித்தனியாக ஈயம் பூசிவிட்டு, பிறகு இரண்டையும் சேருங்கள். ஈயம் கலந்த சால்டராக இருந்தால் நல்ல இணைப்பு பளபளக்கும். சாம்பல் நிறத்தில் பொரிபொரியாகத் தெரிந்தால் மறுபடி சூடாக்குங்கள். பேட்டரியை இணைக்கும் முன் பிளஸ், மைனஸ் இரண்டையும் மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாற்றி இணைத்தால் பெரும்பாலான ஈ.எஸ்.சி.க்கள் அந்த நொடியே முடிந்துவிடும்.

அடுத்தது கியர். மின்னணு பற்றிப் பேசும்போது கியர் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் பிடிவாதமாகச் சொல்வது, ஈ.எஸ்.சி.யின் ஆயுள் மோட்டார் தண்டில் மாட்டியிருக்கும் சிறிய பற்சக்கரமான பினியனின் பற்களில் இருக்கிறது என்பதுதான். பினியனில் பற்கள் கூடினால் வேகமும் கூடும், மோட்டார் இழுக்கும் மின்னோட்டமும் கூடும். பெரிய டயர் மாட்டினாலும் அதே விளைவு. டயரை மாற்றியவர்கள் பினியனை இரண்டு பல் குறைத்துக்கொள்வது நல்லது. ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு, அகச்சிவப்பு வெப்பமானியால் மோட்டாரின் உடலைப் பாருங்கள். 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கியரைக் குறைக்க வேண்டும். 80-ஐத் தாண்டினால் அன்றைக்கு ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். அளவு மீறிய வெப்பத்தில் பிரஷ்லெஸ் மோட்டாரின் சுழலும் காந்தம் வலுவிழக்கும். ஆறியபின்னும் இழந்த வலு திரும்பாது. சித்திரை வெயிலில் ஓட்டுபவர்களுக்குக் காற்றே 40 டிகிரியில் இருக்கிறது. எனவே ஈ.எஸ்.சி.யின் மின்விசிறி சுற்றுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். மண் புகுந்து முதலில் நிற்பது அதுதான்.

வண்டி திடீரென்று துள்ளி நிற்கிறது, ஓரிரு நொடியில் மறுபடி ஓடுகிறது என்றால் பலர் ட்ரான்ஸ்மிட்டரின் சிக்னலை வாங்கும் ரிசீவர்மேல் பழி போடுவார்கள். நான் ஸ்டியரிங்கைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவைப் பார்ப்பேன். ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தருவது ஈ.எஸ்.சி.க்குள் இருக்கும் பி.இ.சி. என்ற சுற்று. மலிவான ஈ.எஸ்.சி.யில் அது ஒன்றிரண்டு ஆம்பியர்தான் தரும். வலுவான சர்வோ முட்டி நிற்கும்போது அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். உடனே மின்னழுத்தம் சரியும், ரிசீவர் அணைந்து மறுபடி எழும்.

சக்கரங்கள் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி வைத்து, ஸ்டியரிங்கை முழுவதும் ஒரு பக்கம் திருப்பிப் பிடியுங்கள். சர்வோ முனகிக்கொண்டே இருக்கிறதா? சக்கரம் அதன் எல்லையைத் தொட்ட பிறகும் அது தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள். முனகல் நிற்கும்வரை ட்ரான்ஸ்மிட்டரில் ஸ்டியரிங்கின் எல்லை அளவைக் குறையுங்கள். காசு செலவில்லாத இந்த ஒரு திருத்தமே பல வண்டிகளைச் சரியாக்கிவிடும். அதன் பிறகும் தொல்லை தொடர்ந்தால் தனி பி.இ.சி. ஒன்றை வைக்கலாம். அப்படி வைக்கும்போது ஈ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்குப் போகும் மூன்று ஒயர்களில் நடுவிலுள்ள சிவப்பைக் கழற்றி, நுனியை டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். இரண்டு மின் ஊற்றுகள் ஒரே ஒயரில் மோதக் கூடாது.

பேட்டரியையும் சந்தேகப்பட வேண்டும். எவ்வளவு மின்னோட்டம் தரும் என்று காட்ட மேலே அச்சிட்டிருக்கும் ‘சி’ எண்ணை நான் நம்புவதில்லை. ஓட்டி முடித்ததும் ஒவ்வொரு செல்லையும் அளந்து பாருங்கள். ஒன்று மற்றதைவிட 0.1 வோல்ட்டுக்கு மேல் இறங்கியிருந்தால் கோளாறு அந்த செல்லில் இருக்கிறது. ஈ.எஸ்.சி.யில், செல் அளவுக்கு மீறி இறங்கும் முன் மோட்டாருக்கு மின்சாரத்தைக் குறைக்கும் லைப்போ அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள்.

‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதியிருந்தாலும் ஈரத்தில் ஓடிய வண்டியை அப்படியே பெட்டிக்குள் வைக்காதீர்கள். ரிசீவர் பெட்டியைத் திறந்து துடையுங்கள், ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள், மோட்டார் பேரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். கடற்கரையில் ஓட்டவே வேண்டாம் என்பது என் கருத்து. உப்பு நீர் பட்ட சுற்றுப்பலகை காய்ந்தபின்னும் அரித்துக்கொண்டேயிருக்கும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரின் ஆன்டெனா ஒயரில், நுனியில் உறை நீக்கிய 3 சென்டிமீட்டர் அளவுதான் உண்மையான ஆன்டெனா. அதை வெட்டாதீர்கள், மடிக்காதீர்கள், மோட்டார் ஒயர்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள். குழாய்க்குள் நேராக நிற்கட்டும். கடைசியாக, சிக்னல் அறுந்தால் வண்டியை நிறுத்தும் ஏற்பாடான ஃபெயில்சேஃபின் சோதனை. வண்டியைத் தூக்கி வைத்தபடியே சக்கரங்களை மெதுவாகச் சுற்றவிட்டு, ட்ரான்ஸ்மிட்டரை அணையுங்கள். சக்கரங்கள் உடனே நிற்க வேண்டும். நிற்காமல் சுற்றினால், ஆக்சிலரேட்டர் நடுநிலைக்கு வரும்படி ஃபெயில்சேஃபை அமைத்து, மறுபடி சோதித்த பிறகே வண்டியைத் தரையில் இறக்குங்கள்.