மாடி வீட்டு முகப்பில் சீரியல் லைட்: ஏணி சாத்தாமல் மேலிருந்தே தொங்கவிடும் முறை

தமிழ்நாட்டில் தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ் மூன்றுமே வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் வருகின்றன. ஈரச் சுவர், பாசி பிடித்த மொட்டைமாடி, 230 வோல்ட் மின்சாரம் என மூன்றையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டிய வேலை இது. வெளிப்பக்கம் ஏணி சாத்தி ஏறுவதும் சன்ஷேடில் இறங்கி நிற்பதும்தான் இதில் பெரிய ஆபத்து. சன்ஷேடு ஆள் நிற்பதற்காகக் கட்டப்பட்டதல்ல. உள்ளே கம்பி துருப்பிடித்திருந்தால் வெளியே தெரியாது. ஆகவே கட்டுவதும் கழற்றுவதும் முழுக்க மொட்டைமாடியில், கைப்பிடிச் சுவருக்கு உள்ளே, கால் தரையில் இருக்கும்படியே நடக்கட்டும்.

முதலில் தெருப் பக்கம் மின்கம்பிகள் எங்கே போகின்றன என்று பாருங்கள். விதிப்படி 11 கேவி (11,000 வோல்ட்) கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும். நெருக்கமான தெருக்களில் அது கிடைப்பதில்லை. நீங்கள் வேலை செய்யும்போது உங்கள் கை, கையில் உள்ள கம்பு, வீசும் ஒயர் எதுவும் கம்பிக்கு 10 அடிக்குள் போகக்கூடாது. அந்த இடைவெளி இல்லாத பக்கத்தை விட்டுவிடுங்கள். அங்கே விளக்கு வேண்டாம். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரின் உறை வெயிலில் வெடித்திருக்கலாம். அதைத் திறந்த கம்பியாகவே நினையுங்கள். அதன் மேல் சீரியல் லைட்டைச் சுற்றவே கூடாது.

இனி கணக்கு. தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள, 30 அடி முகப்பு வீட்டை எடுத்துக்கொள்வோம். கைப்பிடிச் சுவர் உச்சி தரையிலிருந்து ஏறக்குறைய 25 அடி. கடையில் கிடைக்கும் 10 மீட்டர் எல்இடி செட்டில் பிளக் பக்கத்து வெற்று ஒயர் போக, விளக்குள்ள நீளம் சுமார் 30 அடி என்று வையுங்கள். இதை ஒரே நீளமாகத் தொங்கவிடாமல் ஊஞ்சல் கயிறு போல மடித்து விடுங்கள்: இறங்க 13 அடி, அடியில் 2 அடி, ஏற 13 அடி, உள்ளே கட்ட 2 அடி. 2 அடிக்கு ஒரு வரிசை வீதம் 8 செட்டில் 16 வரிசை கிடைத்து முகப்பு நிறைந்துவிடும். மாற்றுக்கு ஒன்று சேர்த்து 9 வாங்குங்கள்.

மடித்து விடுவதற்கு முக்கியமான காரணம் உண்டு. பல செட்டுகளின் வால்முனையில் அடுத்த செட்டைச் சொருக ஒரு துளை இருக்கும். அதில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். நேராகத் தொங்கவிட்டால் அந்த முனை கீழே மழையில், குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்துக்கு வந்துவிடும். மடித்தால் இரண்டு முனையும் மேலே உங்கள் பக்கம் இருக்கும். கீழே வெறும் வளைவு மட்டும், தரைக்கு 12 அடி உயரத்தில். வால்முனைக்கு மூடி போட்டு, வாய் கீழ்நோக்கி இருக்குமாறு கட்டுங்கள்.

விளக்கு ஒயர் தன் எடையைத் தானே தாங்கக்கூடாது. கைப்பிடிச் சுவரின் உள்பக்கம், உச்சிக்கு அரை அடி கீழே, 6 மில்லிமீட்டர் நைலான் கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். 40 அடி போதும். இரண்டு முனையையும் தூண் கம்பியிலோ மாடிப்படி அறைக் கிரில்லிலோ முடிச்சிடலாம். பிளாஸ்டிக் தொட்டியின் குழாய், டிஷ் ஆன்டெனா இரண்டும் வேண்டாம். ஒவ்வொரு வரிசையையும் கேபிள் டையால் இந்தக் கயிற்றோடு பிணையுங்கள். கட்டுக்கம்பி ஒயரின் உறையை அறுத்துவிடும். சுவரின் விளிம்பில் பூச்சு கூராக இருக்கும். காற்றில் ஒயர் அங்கேதான் தேயும். தோட்டத்து ஓஸ் பைப்பை ஓர் அடித் துண்டுகளாக வெட்டி, நீளவாக்கில் கீறி, விளிம்பில் ஒயருக்கு உறையாக மாட்டுங்கள். ஒயர் மேலே செங்கல் வைக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்: காற்றில் ஒயர் இழுபட்டால் அந்தக் கல் தெருவில் போகிறவர் தலையில் விழும்.

வளைவின் அடியில் மெல்லிய நைலான் நூலை முன்னதாகவே கட்டி விடுங்கள். கீழே நிற்பவர் அதைப் பிடித்துச் சன்னல் கிரில்லில் சற்றுத் தளர்வாக முடிச்சிட்டால் காற்றில் ஆடாது. விளக்கு ஒயர் மட்டும் இரும்புக் கிரில்லையோ கேட்டையோ தொடக்கூடாது. உறை தேய்ந்தால் கேட் முழுக்க மின்சாரம் பாயும்.

வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மேலே, ஒருவர் கீழே. தரை காய்ந்த பகல் நேரம் நல்லது. கைப்பிடிச் சுவர் மேல் உட்காருவதும், அதன் அருகே ஸ்டூல் போட்டு நிற்பதும் கூடாது. சுவர் 3 அடிக்குக் குறைவாகவோ விரிசலுடனோ இருந்தால் ஐஎஸ் 3521 முத்திரை உள்ள முழு உடல் பெல்ட் போட்டு, பின்னால் உள்ள கான்கிரீட் தூணில் கயிற்றைக் கட்டுங்கள். விளிம்பைத் தாண்ட முடியாத அளவுக்கு அந்தக் கயிறு குட்டையாக இருக்கட்டும்.

மின்சாரப் பக்கம் லோடு ஒரு பிரச்சினையே அல்ல. ஒரு செட் 10 வாட் என்றாலும் எட்டுக்கும் சேர்த்து 80 வாட், அரை ஆம்பியருக்கும் குறைவு. ஆபத்து இணைப்புகளில் இருக்கிறது. மீட்டர் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு ஏற்பட்டால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச், இருக்கிறதா பாருங்கள்; நம் ஆட்கள் இதையும் ஈஎல்சிபி என்றே சொல்வார்கள். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும், அதாவது மின்சாரம் துண்டாக வேண்டும். விழாவிட்டால் எலக்ட்ரீஷியனை அழைத்துச் சரிசெய்த பிறகே விளக்கு வேலை.

எக்ஸ்டென்ஷன் போர்டை மாடிப்படி அறைக்குள்ளேயே வையுங்கள். வழியில் இணைப்பு தவிர்க்க முடியாது என்றால், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் துளையிட்டு, ஒயர்களை அந்தத் துளை வழியே விட்டு, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் சுவரில் மாட்டுங்கள். ஒயர் டப்பாவுக்குக் கீழே ஒருமுறை தாழ்ந்து வளைந்து மேலேறட்டும். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இன்சுலேஷன் டேப்பை மட்டும் நம்பாதீர்கள், ஒரு மழையிலேயே பசை விட்டுவிடும். வாங்கும்போதே வெளிப்புற உபயோகத்துக்கு என்று போட்ட ஐபி 44 அல்லது ஐபி 65 செட்டாகப் பாருங்கள்; தூசியும் நீரும் புகாமல் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் எண் இது.

கிறிஸ்துமஸ் ஸ்டாரை இரும்புக் குழாயில் கட்டித் தூக்கி நிறுத்தும் வழக்கம் பல இடங்களில் உண்டு. நிமிர்த்தும்போது சாய்ந்து மின்கம்பியில் பட்டால் பிடித்திருப்பவர் பிழைப்பது அரிது. மாடிப்படி அறையின் சுவரில் கொக்கி அடித்து, கப்பி மாட்டி, நைலான் கயிற்றால் ஏற்றி இறக்குங்கள். எடை கயிற்றில் இருக்க வேண்டும், ஒயரில் அல்ல. காகித ஸ்டாருக்குள் குண்டு பல்பு வேண்டவே வேண்டாம், அதன் சூட்டில் காகிதம் கருகும். 9 வாட் எல்இடி போதும்.

ஓட்டு வீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலும் ஏறாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆள் எடையில் சொல்லாமல் உடையும். அங்கே தாழ்வார விளிம்பு வரைதான் விளக்கு. மின்கம்பி அருகில் இல்லை என்றால், காய்ந்த மூங்கில் கழியின் நுனியில் கொக்கி வைத்துத் தரையில் நின்றே மாட்டலாம்.

மழையில் ஆர்சிசிபி விழுந்தால் திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்க்காதீர்கள். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, மழை நின்று எல்லாம் காய்ந்த பின் ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். எதில் விழுகிறதோ அந்தச் செட்டை ஒதுக்கிவிடுங்கள். பாதி நீளம் அணைந்தால் அந்தப் பகுதியில் ஒரு எல்இடியோ இணைப்போ போயிருக்கும். தொங்கும்போதே நோண்டாமல் மேலே இழுத்து மாற்றுச் செட்டைப் போடுங்கள். எதைத் தொடுவதானாலும் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. வயரிங் மாறியிருந்தால் ஸ்விட்ச் நியூட்ரலை மட்டும் துண்டிக்கும், ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பிளக்கையே பிடுங்குங்கள்.

கழற்றும்போது முதலில் பிளக், பிறகு கீழே நூல், கடைசியாகக் கேபிள் டை. ஒவ்வொரு வரிசையையும் மேலே இழுத்து, காய்ந்த துணியால் துடைத்து, அட்டையில் சுற்றி வையுங்கள். உறை கீறிய செட்டை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்காமல் அன்றே ஒயரை வெட்டிப் போட்டுவிடுங்கள்.