மண்குழாய்க்குள் ரம்புத்தான் வேர்: கேமரா காட்டியது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய தாமான் (குடியிருப்பு) வீடு. கழிவறை அடிக்கடி அடைத்தது. கம்பி விட்டுக் குடைந்தால் சில வாரம்தான் தாங்கியது.

காரணம் பார்க்கக் குழாய்க்குள் கேமரா விட்டேன். அதைக் கழிவறைக் கோப்பை வழியாக விடக்கூடாது, வளைவில் மாட்டிக்கொள்ளும். மேன்ஹோல் வழியாக விட்டேன். முதலில் குழாயைக் கழுவிவிட வேண்டும். இல்லையென்றால் லென்ஸில் சேறுதான் தெரியும். கேபிள் மீட்டரைக் குழாய் வாயில் வைத்துப் பூஜ்யமாக்கினால்தான் தூரம் சரியாக வரும். 4 அங்குல மண்குழாயின் ஒரு இணைப்பில் ரம்புத்தான் வேர், குஞ்சம் மாதிரி. கேமராவின் 512 ஹெர்ட்ஸ் சிக்னலைத் தரைக்கு மேலிருந்து லொக்கேட்டர் (இடம் காட்டும் கருவி) கொண்டு பிடித்து, தரையில் சுண்ணாம்புக் குறி போட்டேன்.

வேரை மட்டும் வெட்டினால் திரும்ப வளரும், இணைப்பு திறந்தே இருக்கிறதே. அந்தத் துண்டை அறுத்தெடுத்து யூபிவிசி (கடின பிளாஸ்டிக்) குழாய் வைத்தேன். இரண்டின் வெளிவிட்டமும் ஒன்றல்ல. அளவு மாற்றும் ரப்பர் கப்ளிங்கும் (இணைப்பு உறையும்) ஸ்டெயின்லெஸ் கிளாம்பும் வேண்டும். சிமெண்ட் பூசினால் மண் இறங்கும்போது வெடிக்கும். அடியில் 100 மில்லிமீட்டர் மணல், சரிவு 40க்கு 1, அதாவது 40 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம்.

மூடுமுன் மறுபடி கேமரா விடுங்கள். தண்ணீர் தேங்கி லென்ஸ் மூழ்கினால் அந்த இடம் தொய்ந்திருக்கிறது.

வீட்டு எல்லைக்குள் இருக்கும் குழாய் நம் செலவு. கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டர் பார்ப்பது பொதுக் குழாயைத்தான்.