பெரிய மீன் இழுத்தால் மட்டும் அறுந்த நரம்பு

கிளப் போட்டிகளில் பெரிய மீன் மாட்டும்போதெல்லாம் தூண்டில் நரம்பு அறுந்தது. முடிச்சில் இல்லை, நடுவில். அறுந்த முனைக்கு மேலே தடவினால் சொரசொரவென்று இருந்தது. புது நரம்பு சுற்றினேன், அப்புறம் தடிமனைக் கூட்டினேன், ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியை, தளர்த்தினேன். பலனில்லை.

கிளப்பில் ஒரு பெரியவர், பஞ்சை உருட்டி, தூண்டில் கோலில் நரம்பு செல்லும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் தேய்க்கச் சொன்னார். கோலின் நுனி வளையத்தில் பஞ்சிழை மாட்டியது! உள்ளிருக்கும் பீங்கானில், கண்ணுக்கே தெரியாத விரிசல். வீசும்போது ஒன்றும் ஆகாது. மீனின் இழுவையில் நரம்பு அதில் அழுந்தும்போதுதான் அறுக்கும்.

வளையத்தைக் கோல் நுனியில் பொருத்தும் உலோகக் குழாயை மட்டும் மெல்லச் சூடாக்கினேன், பசை இளகிக் கழன்றது. கோலில் சூடு படக்கூடாது, அது முக்கியம். அதே துளை அளவில் புதியதை ஒட்டி, சொரசொரத்த நரம்பையும் வெட்டி நீக்கினேன். அதன்பின் அறுபடவில்லை. பெரிய நிம்மதி.