ஒரு மீட்டர், இரண்டு அடுப்பு: மலையகத்தில் மின்கட்டணம் பற்றி நாம் செய்யும் தவறுகள்

2025 ஜூன் மாதக் கட்டண உயர்வு வந்து இரண்டு மாதம் இருக்கும். இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் பெரியம்மா, மின்சாரப் பில்லை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "வீட்டுல ஒரு பிரிட்ஜ்கூட இல்ல தம்பி. ரெண்டு லைட்டு, ஒரு டிவி, சோறாக்குற குக்கர். இவ்வளவு எப்படி வந்துச்சு?" என்றார்.

பில்லை விரித்துப் பார்த்தேன். 30 நாள், 90 யூனிட். மீட்டர் தவறாக ஓடவில்லை. கணக்கும் சரி. அப்புறம்தான் அவர் இருக்கும் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, போய்ப் பார்த்தேன். பெரியம்மாவின் வாசல் தாழ்வாரத்தில் மீட்டர். அதிலிருந்து ஒரு கறுப்பு வயர் கூரைத் தகரத்தின் ஓரமாகவே ஓடி, பக்கத்துக் காம்பராவில் இருக்கும் மகன் வீட்டுக்குள் இறங்குகிறது. மகனுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். அடுப்பு தனி, ரேஷன் தனி, மீட்டர் மட்டும் ஒன்று.

மலையகத்தில் மின்கட்டணம் பற்றி நாம் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது இந்த வயர்தான் என்பது என் கருத்து. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிப்படியாக ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 60 யூனிட்டில் ஒரு பள்ளம் இருப்பது பலருக்குத் தெரியாது. 2025 ஜூன் கட்டணப்படி, மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 30 யூனிட்டுக்குத் தலா 4.50 ரூபாய், அடுத்த 30க்குத் தலா 8 ரூபாய். 60ஐத் தாண்டிவிட்டால் அந்த மலிவு விலை மொத்தமாகப் போய்விடும். முதல் யூனிட்டிலிருந்தே 12.75 ரூபாய், 61லிருந்து 90 வரை 18.50 ரூபாய். அதாவது 60 யூனிட்டுக்கு யூனிட் கட்டணம் 375 ரூபாய். 61 யூனிட்டுக்கு 783 ரூபாய் 50 சதம். ஒரே ஒரு யூனிட்டுக்காக இரண்டு மடங்குக்கும் மேல். நிலையான கட்டணமும் அதோடு சேர்ந்து மேல்படிக்கு ஏறிவிடும்.

இப்போது பெரியம்மாவின் 90 யூனிட்டைப் பாருங்கள். ஒரே மீட்டரில் யூனிட் கட்டணம் 1,320 ரூபாய். இதையே இரண்டு குடும்பமும் தனித்தனி மீட்டரில் 45, 45 யூனிட்டாகப் பாவித்திருந்தால் ஆளுக்கு 255 ரூபாய், இரண்டும் சேர்த்து 510. நிலையான கட்டணம் இரண்டு மீட்டருக்கும் தனித்தனியே வரும், அதைக் கூட்டிப் பார்த்தாலும் தனி மீட்டர்தான் இலாபம்.

குறைந்த வருமானக்காரர்களுக்கு என்று வைத்த சலுகை விலை அது. ஒரு மீட்டர் என்றால் ஒரு குடும்பம் என்று எண்ணி வகுத்த திட்டம். லயத்தில் ஒரு மீட்டருக்குப் பின்னால் இரண்டு, சில இடத்தில் மூன்று அடுப்பு எரிகிறது. கொழும்பில் மூன்று பேர் இருக்கும் மாடி வீட்டுக்கும், லயத்தில் எட்டுப் பேர் ஒண்டியிருக்கும் இரண்டு காம்பராவுக்கும் ஒரே படிக்கட்டு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கும்.

ஆகவே வயர் இழுக்காதீர்கள். தனி இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். வீட்டு உறுதி நம் பெயரில் இல்லாததால் தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் கேட்பார்கள், அங்கேதான் பலர் களைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். பெரியம்மாவின் மகனுக்கு அந்தக் கடிதம் கிடைக்க நாலு முறை அலைய வேண்டியிருந்தது. வாய்ச்சொல்லாகக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கிய பிறகே அசைந்தது. கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மழைக் காலத்தில் தகரத்தின் மேல் உராயும் அந்த வயர் உயிருக்கே ஆபத்து. கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத பழைய லயங்களில் தகரம் முழுவதும் கரண்ட் பாயும்.

நாளையும் சதவீதத்தையும் பார்க்காமல் விடுவது

பில்லில் ரூபாய்க்கு முதலில் பார்க்க வேண்டியது நாட்களின் எண்ணிக்கை. மீட்டர் வாசிப்பவர் எப்போதும் முப்பதாம் நாள் வருவதில்லை. மலைப் பாதை, மழை, லீவு என்று 33 நாள், 35 நாள் ஆகும். அதற்கேற்ப படிகளும் விரியும்: 33 நாள் பில்லுக்கு 60 யூனிட் எல்லை 66 ஆகிவிடும். "65 யூனிட் வந்துட்டு, 60ஐத் தாண்டிட்டோம்" என்று பயந்தவர்களின் பில்லில் பல நேரம் குறைந்த படிதான் போட்டிருக்கும். மாறாக 27 நாளில் எடுத்தால் எல்லை 54. யூனிட்டை நாளால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் வந்தால் போதும். ஒரு நாளைக்கு 2 யூனிட், அதுதான் கோடு.

அந்த 2 யூனிட்டை எது தின்கிறது? குளிர்ப் பிரதேசத்தில் அநேகமாகத் தண்ணீர் காய்ச்சும் சுருள்தான். 1,000 வாட் சுருளை வாளியில் அரை மணி நேரம் போட்டால் அரை யூனிட். தினமும் போட்டால் மாதம் 15 யூனிட். பிள்ளைகள் குளிக்கச் சுடுதண்ணீர் வேண்டாம் என்று நுவரெலியாக் குளிரில் யாரும் சொல்ல முடியாது. தேயிலை மிலாறு, அதாவது வெட்டிய தேயிலைக் குச்சி, அடுப்பில் கிடந்தால் பாதியாவது அதில் காய்ச்சலாம், அவ்வளவுதான் சொல்வேன். லைட்டை அணைத்து அணைத்துப் பிள்ளைகளைத் திட்டுவதில் பயன் அதிகமில்லை. 9 வாட் எல்.ஈ.டி. குமிழ் ஐந்து மணி நேரம் எரிந்தாலும் மாதம் ஒன்றரை யூனிட்டைத் தொடாது.

அடுத்தது சதவீதம். வானொலியில் "மின்கட்டணம் 15 சதவீதம் உயர்வு" என்றால் நம் பில்லும் 15 சதவீதம் ஏறும் என்று நினைக்கிறோம். 2025 ஜூனில் அப்படித்தான் சொன்னார்கள். அது எல்லா வகைப் பாவனையாளருக்குமான சராசரி. முதல் 30 யூனிட்டுக்கு 4 ரூபாய் 4.50 ஆனது, அது பரவாயில்லை. 31லிருந்து 60 வரை 6 ரூபாய் 8 ஆனது. மூன்றில் ஒரு பங்கு ஏற்றம். நம்மில் பல வீடுகள் அந்தப் படியில்தான் இருக்கின்றன.

இதைவிடக் கொடுமையை 2023 பெப்ரவரியில் பார்த்தோம். அப்போது சொன்ன சராசரி 66 சதவீதம். 30 யூனிட் பாவித்த வீட்டுக்கு 360 ரூபாயாக இருந்த பில் 1,300 ஆனது. மூன்றரை மடங்கு! அதற்கு ஆறு மாதம் முன்பு, 2022 ஓகஸ்டில், ஏற்கெனவே ஒரு 75 சதவீத உயர்வு வந்திருந்தது. அந்த மாதங்களில் லயங்களில் குப்பி விளக்கு திரும்பி வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதற்காக "ஏறினா ஏறினதுதான்" என்று இருப்பதும் தவறு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, உற்பத்திச் செலவைக் கட்டணத்தில் மீட்க வேண்டும் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கடன் திட்டத்தில் சேர்ந்த நிபந்தனை. அதனால் விலை இப்போது அடிக்கடி மாறுகிறது, இரண்டு பக்கமும் மாறுகிறது. 2024 மார்ச்சிலும் ஜூலையிலும் இருபது சதவீதத்துக்கு மேல் குறைந்தது, 2025 ஜனவரியில் இன்னும் 20 சதவீதம் குறைந்தது, பிறகு ஜூனில் ஏறியது. போன வருஷப் பில்லை வைத்து இந்த வருஷத்தை மதிப்பிடாதீர்கள். மேலே நான் போட்ட விலைகளும் அப்படித்தான், உங்கள் பில்லில் அச்சடித்திருப்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

"நம்ம தண்ணி, நம்ம கரண்ட்"

அணையெல்லாம் நம் மலையில்தானே என்று நீங்கள் இதைச் சொல்லும்போது நானும் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1918இலேயே மலை அருவிகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று எழுதினார். 1950இல் லக்ஷபான நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை என்று அணை மேல் அணை எழுந்தது. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் பழைய மஸ்கெலியா ஊரே மூழ்கிக் கிடக்கிறது. வரட்சியில் தண்ணீர் வற்றும்போது பழைய கோயில் வெளியே தெரியும், ஜனங்கள் போய்க் கும்பிட்டுவிட்டு வருவார்கள். 2012இல் தலவாக்கலையில் 150 மெகாவாட் மேல் கொத்மலை வந்தது, சென் கிளயார் அருவி தன் பழைய தண்ணீரை இழந்தது. அணைக்குப் பக்கத்து மேட்டில் இருக்கும் லயத்துக்கு எவ்வளவோ காலம் கழித்துத்தான் விளக்கு வந்தது. இந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் அந்தக் கோபத்தில் "இங்க டேம் நிரம்பி வழியுது, அப்புறம் ஏன் பில் குறையல்ல, ஏன் கரண்ட் வெட்டு?" என்று கேட்டால் கேள்வி தவறான இடத்துக்குப் போகிறது. லக்ஷபானவில் பிறக்கும் மின்சாரம் நேரே நோர்வூட்டுக்கு வருவதில்லை. நாடு முழுவதற்கும் ஒரே வலைப்பின்னல், வீட்டுக் கட்டணமும் நாடு முழுக்க ஒன்றுதான். அதே வலையில் 900 மெகாவாட் நுரைச்சோலை அனல்மின் நிலையமும் இருக்கிறது, எண்ணெயில் ஓடும் நிலையங்களும் இருக்கின்றன. வான்கதவு திறக்கும் நாளில் வழிந்து ஓடும் தண்ணீர் மின்சாரமாகாத தண்ணீர். தென்மேற்குப் பருவமழையில் காசல்ரீ நிரம்பினாலும், பெப்ரவரி, மார்ச் வரட்சிக்கு அதே குளம் தாங்க வேண்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டபோது, அணைகளின் நடுவே இருக்கும் நாமும் இருட்டில்தான் இருந்தோம். வலை ஒன்று என்பதன் பொருள் அது.

வெட்டு எல்லாம் உற்பத்திக் குறைவால் வருவதும் இல்லை. மலையில் பல வெட்டுகள் சவுக்கு, யூக்கலிப்டஸ் கிளை விழுந்து வருபவை. அறிவிக்காத வெட்டு என்றால் மின்தடையை அறிவிக்கும் 1987 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கம் கேட்டு வாங்குங்கள். யாரோ சொல்லியிருப்பார்கள் என்று லயமே காத்திருப்பதால்தான் விடிய விடிய இருட்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மண்சரிவோடு கம்பமும் கம்பியும் சேற்றில் கிடந்தன. கரண்ட் போய்விட்டதே என்று கீழே கிடக்கும் கம்பியை நகர்த்தப் போகாதீர்கள். எந்த நிமிடமும் திரும்பி வரும்.

சூரிய தகடு விற்பவர் வரும்போது

ஹட்டன், நுவரெலியா பக்கம் இப்போது விற்பனைக்காரர்கள் அடிக்கடி வருகிறார்கள். கூரையில் தகடு போட்டால் வெட்டு நேரத்திலும் விளக்கு எரியும் என்று நம்பி ஒப்பமிடுவது பெரிய தவறு. பற்றரி இல்லாத சாதாரண இணைப்பு, வெளியே கரண்ட் போனவுடன் தானும் அணைந்துவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பகல் இரண்டு மணிக்கே பனிமூட்டம் இறங்கும் ஊரில் வெயில் காயும் அம்பாந்தோட்டைக் கணக்கைக் காட்டினால், உங்கள் ஊரில் ஏற்கெனவே போட்ட ஒருவரின் பில்லைக் கேளுங்கள். உங்கள் மின்சாரத்தை வாங்கும் விலை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். 2016இல் தொடங்கிய கூரைத் தகட்டுத் திட்டத்தில் முதல் ஏழு வருஷம் யூனிட்டுக்கு 22 ரூபாய், பிறகு 15.50. இடையில் 37 வரை போனது, 2024இல் 27 ஆனது, 2025இல் இன்னும் குறைத்தார்கள். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பாவனை குறைவு என்று கூரைத் தகடுகளைப் பகலில் அணைத்து வைக்கும்படியே கேட்டார்கள். கடன் வாங்கிப் போடுபவர் இதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும்.

சரி, இரண்டு வதந்தி. மின்சார சபையை விற்றுவிட்டார்கள் என்பது ஒன்று. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமும் 2025 திருத்தமும் சொல்வது சபையை உற்பத்தி, கடத்தல், விநியோகம், வலை நிர்வாகம் என்று அரசுக்குச் சொந்தமான கம்பெனிகளாகப் பிரிப்பதைத்தான். இந்தியாவிலிருந்து கேபிள் வரப்போகிறது, கரண்ட் மலிவாகும் என்பது இன்னொன்று. 2025 ஏப்ரலில் அதற்குப் புரிந்துணர்வு உடன்படிக்கை கையெழுத்தானது உண்மை. கையெழுத்துக்கும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதற்கு மன்னார் காற்றாலை போதும், அதானி நிறுவனம் அதே வருஷம் பெப்ரவரியில் அதிலிருந்து விலகிக்கொண்டது.

நாம் இன்னும் திருத்தாத தவறு ஒன்று இருக்கிறது. கட்டணத்தை மாற்றுமுன் இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்கள் கருத்தைக் கேட்கிறது. எழுத்திலும் கொடுக்கலாம், தமிழிலும் கொடுக்கலாம். ஹோட்டல்காரர்கள் எழுதுகிறார்கள், கைத்தொழில்காரர்கள் எழுதுகிறார்கள். லயத்திலிருந்து எத்தனை கடிதம் போகிறது? தொழிற்சங்கம் பேசும் என்று சம்பளத்துக்குக் காத்திருப்பதுபோல் இதற்கும் காத்திருக்கிறோம். பெரிய மொழி தேவையில்லை. பெரியம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது ஒரு பக்கம்கூட வரவில்லை: எங்கள் லயத்தில் எத்தனை மீட்டர், அதன் பின்னால் எத்தனை குடும்பம், தனி மீட்டர் கேட்டு எத்தனை பேர் காத்திருக்கிறோம், அதுவரை ஒரு மீட்டரில் இரண்டு குடும்பம் இருந்தால் 60 யூனிட் எல்லையை இரட்டிப்பாகக் கணக்கிட வேண்டும். கீழே பன்னிரண்டு பேர் ஒப்பமிட்டார்கள், இரண்டு பேர் கைநாட்டு வைத்தார்கள்.

மகன் வீட்டுக்கு மீட்டர் வந்த அன்று அந்தக் கறுப்பு வயரை அவனே ஏறிக் கழற்றினான். பெரியம்மா இப்போது ஒவ்வொரு ஞாயிறும் மீட்டர் இலக்கத்தைக் கலண்டரில் பென்சிலால் குறித்து வைக்கிறார். போன மாதம் 43.